கைநாட்டு

கடலிலிருந்து இழுத்தெடுத்த மிதவை
சீனக்குடா யார்ட்டில் பக்கம் சாய்ந்து கிடக்கிறது,
ஓர் அறை அளவு,
அடிவயிறு முழுக்க ஒட்டுச்சிப்பி.
சுரண்டினாலும் வெள்ளை வளையம் மிஞ்சுகிறது.
உப்புத் தண்ணீருக்குள், அழுக்கின் மேல்,
யாருடைய பத்திரமும் கேட்காமல்
இப்படி ஒட்டத் தெரிந்தது இதற்கு மட்டும்தான்.
பெயின்ற்றுக்குத் தெரியாது.

அஸ்மீர் மூன்று நாள் மணலடித்தான்.
தலைக்கவசத்துக்குள் அவன் மூச்சு,
குழாய்க்குள் கம்பிரசரின் மூச்சு.
இரண்டும் நின்ற பிறகுதான்
ஸ்டேசனுக்கு ரயில் வருவது கேட்கும்.
கறள் போனது. பழைய சிவப்புப் போனது.
கடைசியில் திட்டுத்திட்டாய் அந்த நீலத்தோல்,
ஆலையின் உருளைக்கடியில் சூட்டோடு பிறந்தது,
வழுவழுவென்று
உருக்கே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பது.

அதை நான் ஒருமுறை நம்பியிருக்கிறேன்.
நிலாவெளிப் பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கி.
வேலைக்குப் புதிது.
தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், ஒப்பமிட்டேன்.
இரண்டாம் மாரியில் தகடு தகடாய் உரிந்தது.
ஒரு சில்லை எடுத்துத் திருப்பினேன்:
பின்பக்கம் நீலம்.
பெயின்ற் விடவில்லை.
தனக்குத் தரப்பட்டதை இறுக்கிப் பிடித்தபடியே
விழுந்து கிடந்தது.
பிடி விட்டது அதற்கும் கீழே.

இப்போது மிதவை சாம்பல் வெள்ளை.
பார்த்தாலே பல் கூசுகிறது.
கண்ணுக்குத் தெரியாத எழுபது மைக்ரோன் மேடுபள்ளம்,
பெயின்ற் கால் ஊன்ற.
கண்ணாடியில் பல்லி ஏறும்;
பெயின்ற் பல்லியில்லை.

நாலரைக்குக் குலவீரசிங்கம் வந்தார்.
"என்ன பிள்ளை, வெள்ளி மாதிரி மினுங்குது!
ஒப்பத்தை வையுங்கோ,
ஆறுக்குள்ள முதல் கோட் அடிச்சுப்போடலாம்."
சொல்லிக்கொண்டே மிதவையின் தோளில்
படாரென்று ஓர் அடி,
நல்ல எருமையைத் தட்டிப் பார்ப்பதுபோல.

உருக்கில் வெப்பமானியை வைத்தேன்: இருபத்தேழு.
பனிநிலை இருபத்தைந்தரை.
மூன்று பாகை இடைவெளி வேண்டும்.
ஒன்றரைதான் இருந்தது,
கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து வந்த காற்று
அதையும் தின்றுகொண்டிருந்தது.
"ஈரம் கண்ணுக்குத் தெரியுதோ?"
"இல்லை."
"பிறகென்ன?"
புத்தகத்தை மூடினேன்.

அஸ்மீர் கையுறையைக் கழற்றி நிலத்தில் எறிந்தான்.
அது எனக்கு எறிந்தது.
மணலடித்ததை மறுபடி அடிக்க
அவனுக்குத் தனிக்கூலி கிடையாது.
அதை அளக்க என் பையில் கருவியில்லை.

காலையில் தார்ப்பாயை விலக்கினோம்.
மிதவை முழுக்க வெளிறிய தேநீர் நிறம்.
அது எதிர்பார்த்ததுதான்.
தோளில் மட்டும் கடுங்கபிலமாய், தெளிவாய்,
ஒரு கை.
ஐந்து விரலும்.
நாலாவதில் மோதிரத்துக்கு விட்ட இடைவெளியும்.
வியர்வை உப்பு ஒரே இரவில் எழுதியது.

நேற்றே அடித்திருந்தால்
இதே கை உள்ளே இருந்திருக்கும்,
மூன்று கோட்டுக்கும் அடியில்,
கடலைத் துளித்துளியாய் உள்ளே கூப்பிட்டபடி.
ஆறு மாதத்தில் விரல் விரலாய்க் கொப்புளித்திருக்கும்.

அஸ்மீர்தான் முதலில் சிரித்தான்.
"மொதலாளி கைநாட்டு வெச்சிட்டாரு!"
குலவீரசிங்கம் வலக்கையைக்
காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு,
மறுபடி மணல்.
கட்டைவிரல் கடைசியாய்ப் போனது.
பத்தே முக்கால்; வெயிலேறி உருக்கு முப்பத்தாறு.
உப்புப் பார்த்தேன், எல்லைக்குள்.
கூடு கட்டிய மூலையில் குளவியைக்கூடப் பார்த்தேன்.
ஒப்பமிட்டேன்.

புத்தகத்தை எடுத்தபோது
தாளில் என் உள்ளங்கை ஈரம் பதிந்திருந்தது.
தாள்தானே.
கறள் பிடிக்காது.