பராமரிப்பு நிலை

புகைபோக்கியின் இடுப்பில் எதிரெதிராய்
இரண்டு கண்கள் பொருத்தியிருக்கிறோம்.
ஒன்று அனுப்பும். மற்றது காத்திருக்கும்.
நடுவே ஒன்றரை மீட்டர் புகை.

அவற்றை நேர்க்கோட்டில் நிறுத்த
எனக்கும் அஸ்ருலுக்கும் ஒரு முழுப் பகல் போயிற்று.
குளிர்ந்த இரும்பில் சரியாக இருந்தது
கொதிகலன் சூடேறியதும் விலகிப்போனது.
திருகை அரைச்சுற்று, பிறகு கால்சுற்று,
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தொடுகை.
நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு ஒளி
அக்கரை வந்து சேர்ந்தபோது
பிறையில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிறை என்று ஊருக்குப் பேர்.
இந்தத் தொழிற்பேட்டையில் நின்று
ஒருநாளும் நான் அதைப் பார்த்ததில்லை.

லேசர் என்றால் சிவப்புக் கோடு என்று
என் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.
இது கண்ணுக்கே தெரியாது.
அரிசி மணியைவிடச் சின்னச் சில்லு.
மின்சாரத்தைக் கொஞ்சம் ஏற்றினால்
அதன் நிறம் ஒரு மயிரிழை நகரும்,
இறக்கினால் திரும்பி வரும்.
ஒரு நொடிக்குள் ஆயிரம் தரம்
இப்படிப் போய்வந்து துழாவும்.

பந்தியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு
ரசம் மட்டும் கேட்கும் என் சித்தப்பா மாதிரி
கார்பன் மோனாக்சைடு
தனக்கான நிறத்தை மட்டும் விழுங்கும்.
எது வந்து சேரவில்லையோ
அதுதான் கணக்கு.

முன்பிருந்த கருவி
புகையைக் குழாயில் உறிஞ்சி, ஆறவைத்து, நீரை வடித்து
நான்கு நிமிடம் கழித்துத்தான் வாய் திறக்கும்.
நான்கு நிமிடம் என்பது
ஒரு சூப்பர்வைசருக்கு நிறைய நேரம்.

நவம்பர். மூன்றாம் நாள் மழை.
தார்ப்பாய் போடாமல் வந்த லோரி
செம்பனைக் கொட்டை ஓட்டை
சொட்டச் சொட்டக் கொட்டிவிட்டுப் போனது.
நனைந்த ஓடு எரியாது, முனகும்.
திரையில் நூற்றெண்பது.
நானூற்றிருபது.
ஆயிரத்து நூறு.
அதே எண் அதே நொடியில்
சுற்றுச்சூழல் இலாகாவின் ஏதோவொரு மேசைக்கும் போகிறது.

கீழிருந்து வாக்கிடாக்கியில் ஊய்:
“குணாளா, கண்ணாடி அழுக்குன்னு போடு.”

ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் எண் நின்றுவிடும்,
பராமரிப்பு என்ற சொல் மட்டும் போகும்.
கண்ணாடி துடைப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

போன வருடம் அழுத்தினேன்.
பதினொரு நிமிடம்.
தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது.
கண்ணாடி அன்று சுத்தமாகத்தான் இருந்தது.
ஆனாலும் கழற்றித் துடைத்தேன்,
முழுப் பொய்யாகிவிடக் கூடாதே என்று.

இந்த முறை திரையின் மூலையைப் பார்த்தேன்.
எழுபத்தொன்று.
“ஒளி வருது பாஸ். கண்ணாடி சுத்தமா இருக்கு.”

வாக்கிடாக்கி இரைந்தது, மழையா ஊயா தெரியவில்லை.
மேடைக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
தொலைவில் பாலத்து விளக்குகள்
கடலின் பாதிவரைதான் வந்திருந்தன.
பிறகு கீழே ஓடு ஊட்டும் பட்டை நின்றது.
ஊய், சட்டை நனைய,
தார்ப்பாயின் ஒரு முனையை அவரே இழுத்துக்கொண்டிருந்தார்.
தொள்ளாயிரம். அறுநூற்று நாற்பது.

அடுத்த மாதம் இலாகா கடிதம் வந்தது.
அபராதத்தில் என் பேர் இல்லை.
ஓவர்டைம் பட்டியலிலும் இல்லை.

ஆண்டறிக்கைக்காக அஸ்ருல்
பழைய வரைபடங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.
ஓரிடத்தில் விரல் வைத்து மலாயில் கேட்டான்,
இங்கே ஏன் பதினொரு நிமிடம் ஒன்றுமே இல்லை?

கண்ணாடி அழுக்கு, என்றேன்.