ஒதுங்குமிடம்

வட யூயிஸ்ட் தீவில் சாலை என்பது
ஒரு காரின் அகலம்.
எதிரே இன்னொன்று வந்தால்
யாராவது ஒருவர் கொஞ்ச நேரம் இல்லாமல் போக வேண்டும்.
அதற்காகவே முன்னூறு அடிக்கு ஒன்றாய்
தார் சற்றே வயிறு தள்ளி நிற்கும்,
பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையோடு.

நான் ஊர்ச் செவிலி.
பின்னிருக்கையில் இன்சுலின் பெட்டி, கட்டுத்துணி,
மிஸஸ் மெக்காஸ்கிலின் கால்புண்ணுக்கான களிம்பு,
போன வாரம் அவள் வேண்டாமென்றாலும் திணித்த டர்னிப்.
பதினாறு வருடமாய் இதே வழி.
ஏரி, ஏரி, சதுப்பு, ஏரி,
வெயில் சூடு ஆறாத தாரில் படுத்தபடி
என் ஹாரனை ஒரு அபிப்பிராயமாக மட்டும்
எடுத்துக்கொள்ளும் ஆடுகள்.

முன்னால் போக யாருக்கும் தெரியும்.
இங்கே ஓட்டக் கற்பது என்றால்
பின்னால் போகக் கற்பது.
கோடையில் வாடகை வேன்களில் வருகிறவர்கள்
மூக்கோடு மூக்கு நின்று கையை விரிப்பார்கள்.
நான்தான் கழுத்தைத் திருப்பி
மழை வழியும் பின்கண்ணாடி வழியே
ஒரு ஃபர்லாங் தேடிப் போவேன்.

இந்தக் கழுத்துவலி அதில் வந்ததா
யூவனிடமிருந்து வந்ததா, சொல்லத் தெரியவில்லை.
ஒன்பது வருடம் ஒரு சமையலறையில்
முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு
எதிரெதிரே நின்றோம் நாங்கள்.
இப்போது அவன் கிளாஸ்கோவில்.
அங்கே எல்லாம் நாலு தடச் சாலை.
நல்லது.

விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வழி விட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து
ஆட்காட்டி விரல் எழும், இரண்டு அங்குலம்.
கையசைப்பது வெளியூர்க்காரர் வேலை.
கால்நடை மருத்துவர் விரலோடு புருவத்தையும் தூக்குவார்.
பாதிரியாருக்கு இரண்டு விரல், ஆசீர்வாதம் மாதிரி.
மீன்பண்ணை லாரிப் பையன்
போன் பிடித்த கையாலேயே சமாளிப்பான்.

நீல வேன்காரருடையது நுனியில்லாத விரல்,
முதல் கணுவோடு முடிந்துவிடும்.
கயிறா, இயந்திரமா, கேட்டதில்லை.
வைப்பர் அடிக்கும் இடைவெளியில்
ஒரு தொப்பி, ஒரு தாடி, அந்தக் குட்டை விரல்.
தினமும் எட்டேகால், சர்ச் வளைவு.
குளிர்கால இருட்டில் அதுவும் தெரியாது.
எழுந்திருக்கும் என்று நம்பி நானும் எழுப்புவேன்.
அவர் வராத நாளில்
வீடு சேரும்வரை என் கையில் ஒரு விரல் மிச்சமிருக்கும்.

சில வீடுகளுக்குப் போகும்போது அவசரம்.
சில வீடுகளிலிருந்து திரும்பும்போது
அவசரமே இல்லை.
அப்போது கால் தன் வேலையைப் பார்க்கும்,
கை தன் வேலையைப் பார்க்கும்,
அழுவதற்கு முகம் காலியாக இருக்கும்.
அந்த நேரத்திலும் எதிரே யாரும் வந்தால்
விரல் தானாக எழுந்துவிடும், வெட்கமில்லாமல்.

போன வெள்ளி. நாலு மணிக்கே இருட்டு, மூடுபனி.
ஓர் ஒதுங்குமிடத்தில் நான்.
அடுத்ததில் இரண்டு விளக்குகள்.
நீங்கள் வாருங்கள் என்று ஒருமுறை அணைத்து எரித்தேன்.
நீங்கள் வாருங்கள் என்றது அந்தப் பக்கமும்.
மறுபடி நான்.
மறுபடி அங்கிருந்து.
காத்திருந்தேன். காத்திருந்தார்.
பிறகு ஒரே நொடியில் இருவரும் கிளம்பி
நடுவில், ஒதுங்க இடமே இல்லாத இடத்தில்
மூக்கோடு மூக்கு.

நீல வேன்.
இறங்கி வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.
நான் நினைத்த உயரம் இல்லை.
டீசலும் ஈரக் கம்பளியும் மணத்தன.
“உங்கள் பின்பக்கம், இடது பிரேக் விளக்கு எரிவதில்லை,
ஒரு மாதமாகச் சொல்ல நினைக்கிறேன்” என்றார்.
பார்க்கிறேன், நன்றி, என்றேன்.

அவர் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது:
எதிரே வருகிற ஒருவருக்கு
என் பின்விளக்கு எப்படித் தெரியும்.

ரிவர்ஸ் கியரைப் போட்டு நிமிர்ந்தேன்.
வேனும்
பின்னால் போய்க்கொண்டிருந்தது.