ஜெயித்த முட்டை

மூன்று வாரமாக வெங்காயத்தோல் சேர்த்தேன்.
போதாமல் காய்கறிக்கடை யுர்காவிடம் போய் நின்றால்
கூடையின் அடியில் கைவிட்டு
ஒரு பை நிறைய அள்ளிப் போட்டாள். காசு வாங்கவில்லை.
ஈஸ்டர் வாரத்தில் கௌனஸ் நகரில்
குப்பை கேட்பவளை ஏனென்று யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை வீடெங்கும் வினிகர் நெடி.
ஒரு பானையில் பீட்ரூட், மற்றொன்றில் சிவப்பு முட்டைகோஸ்.
அது தருவது நீலம்.
ஒவ்வொரு வருடமும் நம்பாமல்தான் மூடியைத் திறக்கிறேன்.
முட்டைமேல் பார்ஸ்லி இலையை ஒட்டி
பழைய காலுறைத் துண்டில் இறுக்கிக் கட்டி வேகவைத்தோம்.
அவிழ்த்தபோது இலையைக் காணோம்;
இலை இருந்த இடம் இருந்தது.

உக்னேவுக்கு ஏழு வயது.
ஊசிமுனையால் சாயத்தைச் சுரண்டிச் சூரியன் வரைந்தாள்.
ஒரு கதிர் கைதவறி நீண்டு
முட்டையைச் சுற்றிவந்து தன் வாலையே பிடித்தது.
"இது ரயில்" என்று மாற்றிக்கொண்டாள்.

பிறகு படம்.
அலுவலகத்தில் இரவல் வாங்கிய மேக்ரோ லென்ஸ்,
திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டும்.
தேங்காய் அளவு கனம்.
சலவை இயந்திரத்தின் உருளைக்குள் நீல முட்டையை வைத்து
டார்ச் அடித்தோம்:
துளை விளிம்புகளெல்லாம் மின்ன, நடுவில் ஒரு கிரகம்.
காய்கறித் துருவியை நிமிர்த்தினால்
எங்கள் அடுக்குமாடியேதான்,
அதன் காலடியில் மஞ்சள் முட்டை, எவனோ தொலைத்த பலூன்.
பால்கனிச் சுவரின் கடைசிப் பனியில் ஒன்றை நிறுத்தினேன்,
அது உருண்டு ஒன்பது மாடி இறங்கியது.
கீழே யார் தலையும் இல்லை.
அந்தப் படம் மட்டும் எடுக்கவில்லை.

லென்ஸ் வழியாகக் கிட்டத்தில் போனால்
முட்டை வழவழப்பே இல்லை.
ஆரஞ்சுத் தோல்போல் குண்டும் குழியுமாய்,
எண்ணமுடியாத நுண்துளைகள்.
மூச்சுவிட இவ்வளவு வாசலா என்றாள் உக்னே.

இருட்டியதும் வந்தார் ரிமான்டஸ், கணவரின் அண்ணன்.
கம்பு ரொட்டியும் பீருமாய்.
சட்டைப்பையிலிருந்து தன் சிவப்பு முட்டையை எடுத்து
கூடையில் வைத்தார், ராஜாவை உட்காரவைப்பதுபோல்.
உக்னே நடைபழகிய வருடத்திலிருந்து
முட்டை மோதலில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.
உடைந்ததைத் தோற்றவர் கொடுக்க வேண்டும், அதுதான் விதி;
நாங்கள் கொடுப்போம், அவர் தின்பார்,
அவருடையது கீறலின்றிப் பைக்குத் திரும்பும்.

எல்லாரும் தூங்கிய பின்
அந்தச் சிவப்பையும் ஒரு படம் எடுத்தேன்.
வேறெதற்கும் இல்லை, அழகாய் இருந்தது.
திரையில் பெரிதாக்கினேன்.
துளைகள் இல்லை.
வரிகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக, மெல்ல வளைந்து,
கூடவே பொட்டளவு ஒரு கணு.
கோழி இட்டதல்ல, மரம் காய்த்தது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்;
இவர் ஆறு வருடம் முட்டையை முட்டைக்குள் மறைத்திருக்கிறார்.
சிரிப்பு வந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை. கோயில் மணி ஓய்ந்து, வெண்ணெய் இளகி.
ரிமான்டஸ் என் கணவரை உடைத்தார்.
என்னை உடைத்தார்.
உக்னேவின் ரயில் தண்டவாளத்தோடு நொறுங்கியது.
அவள் அழவில்லை.
இரவு குளியலறைக்குப் போக எழுந்தவள்
என் தோளுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ
எனக்குத் தெரியாது.
நொறுங்கியதை அவரிடம் நீட்டி,
மிக மரியாதையாக,
"பெரியப்பா, இந்த வருடம்
ஜெயித்ததையும் சாப்பிடுங்கள்" என்றாள்.

மேஜையில் கத்திகள் நின்றன.
அவர் கழுத்திலிருந்து காதுவரை
பீட்ரூட் பானை மெல்ல ஏறியது.

உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.
லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.