காலை எடை

ஐந்தரைக்கு எழுந்து
ஒன்றுக்குப் போய்விட்டு வந்து
அதே கட்டம் போட்ட லுங்கியோடு ஏறி நிற்கிறேன்.
இருபது வருஷம் பாம்பன் நண்டுக் கம்பெனியில்
எடை போட்டவன் நான்.
தட்டின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தூக்கி
கிலோவுக்கு நூறு கிராம் குறைத்தவன்.
இந்தக் கண்ணாடித் தராசில்
தூக்க ஓரம் இல்லை.

அறுபத்தெட்டு புள்ளி இரண்டு.
போனில் தட்டி அனுப்புகிறேன்.
நம்புவேல் இன்றைக்கும் இருக்கிறான்
என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி.

கீழக்கரை ராவியத்து, ஐம்பத்தொன்று.
வாலிநோக்கம் குருவையா, அறுபது;
பாத்தி பாத்தியாய் உப்பு வாரிய மனுஷன்,
கஞ்சிக்கு ஒரு கல் போடவும் அனுமதி இல்லை.
தொண்டி சூசை இருதயம், எழுபத்து நாலு.
பேரில் முழுசாய் இருக்கிறது,
நெஞ்சில் முப்பது சதம்தான் என்பார்
அவரே, சிரித்து, இருமி.
ஆக மொத்தம் எட்டுப் பேர்.
யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.
ராவியத்தின் முகம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு செம்பருத்தி.

வியாழக்கிழமை மதுரையிலிருந்து
ஆலோசகர் பொற்கொடி திரையில் வருவார்.
காற்று அடித்தால் சிக்னல் போய்
வாய் திறந்தபடி உறைந்துவிடுவார்.
ஒருமுறை அப்படி உறைவதற்கு முன்
"எதுக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டார்.
அப்போது ஒருவரும் பேசவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு
வரிசையாய் வந்து விழுந்தன பதில்கள்.
படுத்தால் மூச்சு முட்டும் எங்களுக்கு.
மூன்று தலையணைக்கு மேல் உட்கார்ந்து
எட்டு ஊரிலும் விழித்திருந்தோம்,
வள்ளத்தில் ஓட்டை இருப்பது தெரிந்து
டப்பாவால் இறைத்துக்கொண்டிருப்பவர்களாக.
டப்பாவுக்கு நீர் மாத்திரை என்று பெயர்.

மாசியில்
கொழுந்தியாள் வீட்டில் சீலாக் கருவாடு.
ஒரு துண்டு. சரி, மூன்று.
மூன்றாம் நாள் தராசு எழுபதரை என்றது.
கணுக்காலில் விரல் வைத்தால்
ஈர மணலில் வைத்ததுபோல் குழி நின்றது.
சனிக்கிழமை மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள்.
இந்த நேரத்திலா ஆஸ்பத்திரி?
பழைய சுண்டுவிரல் தானாக நகர்ந்தது.
அறுபத்தெட்டு புள்ளி இரண்டு என்று எழுதினேன்.

ராவியத்து உடனே கேட்டாள்:
"நாலு நாளா அதே நம்பரா?
எழுதாதீங்கண்ணே. வாயால சொல்லுங்க."

பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
அறுபத்து
எட்டு
புள்ளி

இரண்டு.

"ஒரு நம்பருக்கு மூணு மூச்சு வாங்குறீங்க.
நானும் இப்படிப் பேசித்தான் ஐசியூ போனேன்."
அதற்குள் பொற்கொடியின் அழைப்பு,
வாசலில் ஆட்டோ,
பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்.
அதைப் பார்க்கப் பிடிக்காமல்
ஓட்டுநரின் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஊசி போட்டு இறைத்தார்கள்.
பூ வைக்க வந்தவர்கள்
வார்டுக்கே வந்து
நான்கு ஆரஞ்சு கொடுத்துப் போனார்கள்.
சம்பந்தி நீட்டிய காபியை
ஒன்றரை லிட்டர் கணக்கில் எழுதிவிட்டுத்தான் குடித்தேன்.
அவர் என்ன நினைத்தாரோ.

வீடு திரும்பிய அன்று
உண்மை எடையை அனுப்பினேன்.
நண்டு விஷயத்தையும் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை.
குருவையா எழுதினார்:
"என் தம்பி விற்ற நண்டுக்கும்
பாக்கி இருக்குமே."
பிறகு நெடுநேரம் யாரும் எழுதவில்லை.
பிறகு அவரே,
"மாத்திரை போட்டாச்சா?"

இன்றைக்கு
ஆறரை ஆகியும் சூசை இருதயம் வரவில்லை.
"என்னாச்சு?" என்று தட்டி
அனுப்பாமல் அழித்தேன்.
ஏழுக்கு ஒரு குரல் பதிவு,
பதினோரு விநாடி.
வார்த்தை ஏதுமில்லை.
கை தவறி அழுத்தியிருப்பார்.
காற்று, ஒரு காகம், இருமல்,
தூரத்தில் எஞ்சின் கிளம்பும் சத்தம்.

ஏழு பேரும்
அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறோம்,
காகத்துக்கும் இருமலுக்கும் நடுவில்
எத்தனை மூச்சு என்று.