படகு மட்டும் பொது

விவாகரத்தில் வீடு வெல்டாவுக்கு,
நாய் ஆர்லிஸுக்கு.
படகை இரண்டாக அறுக்க முடியாது.
ஆகவே சனிக்கிழமைதோறும்
டெக்சோமா ஏரியில் இருவரும்.

இன்று விடியுமுன்பே மழை.
அவள் காப்பியில் பாதி வானம்.
"நாற்பதடியில் கூட்டம் நிக்குது"
திரையைத் துடைத்தபடி சொன்னான்.
அவள் பதிலே சொல்லவில்லை.
கடற்காகங்கள் ஒரே இடத்தில்
விழத் தொடங்கின.

தூண்டில் வளைந்தது.
கேட்காமலே வலையை நீட்டினான்.

வரி பாஸ்.
ஏழு கோடுகள், ஒன்று மட்டும்
வாலை எட்டவில்லை.

"கடல் மீனோட வம்சம்.
அணை கட்டினப்புறம் கொண்டாந்து விட்டது.
உப்பே அறியாம
எப்படிக் கொழுத்திருக்கு பாரு" என்றாள்
மீனிடமோ, யாரிடமோ.

மேலுதட்டில் வழிந்த மழையை
நக்கிக்கொண்டான்.
கரித்தது.
தொப்பியின் பழைய வேர்வையாக இருக்கும்.