உள். சமையலறை. இரவு

முதல் வரி இப்படி எழுதியிருந்தேன்:
"குகநேசன் மனைவியை நினைத்து ஏங்குகிறான்."
மாலை வகுப்பில் மிஸ் ஹாலொரன்
சிவப்புப் பேனையால் ஏக்கத்தை வெட்டினா.
கமராவுக்கு அது தெரியாதாம்.
கண்ணுக்குப் படுவது, காதுக்குக் கேட்பது,
அவ்வளவுதான் திரைக்கதை.
பக்கத்துக்கு ஒரு நிமிடம்.

மார்க்கம் தியேட்டரில் படம் தொடங்கும்போது
கதைக்கும் வசனத்துக்கும் நடுவில்
நெரிபட்டுப் போகும் சொல் அது.
விசில் அடிக்க வாய் குவிப்பதற்குள்
அடுத்த பெயர் வந்துவிடும்.

போன மாசம்தான் அதை என் முகத்துக்கு நேரே கேட்டேன்.
ஏஜாக்ஸ் சந்தியில் என் வான் சறுக்கிய விதத்தை
இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தபோது
காப்புறுதித் துஷ்யந்தன் சிரிக்காமல் சொன்னான்:
"திரைக்கதை நல்லாயிருக்கு அண்ணை."
பொய்க்கு அவன் கட்டிவிட்ட டை.

திரை என்றால் அலை.
நரையோடு சேர்ந்து வரும் திரையோ
கண்ணோரச் சுருக்கம்.
பெப்ரவரியில் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன்:
எழும்பின திரை எழும்பினபடியே
உறைந்து நின்றது.
சத்தம் மட்டும் ஐஸுக்கு அடியில்.

திரும்பி வந்து எழுதினேன்:

உள். சமையலறை. இரவு.
இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றுகிறான்.
ஒன்றை எடுத்து
சிங்கில் கவிழ்க்கிறான்.
ஃப்ரிட்ஜ் உறுமி நிற்கிறது.

"யாருக்கு இந்த ரெண்டாவது கோப்பை?"
மிஸ் ஹாலொரன் பேனையை மூடிவிட்டுக் கேட்டா.
அது அடுத்த பக்கத்தில், என்றேன்.

அடுத்த பக்கம் வெள்ளை.
பனி வழிக்கும் வண்டி
ஜன்னலை மஞ்சளாக்கிப் போகிறது.
தட்டுகிறேன்:
வெளி. பகல்.