நாலு சதவீதம்

மண்டபத்தில் என் ஐஸ் ஆலையின் மேல்மாடி.
தெற்கு ஜன்னலில் தென்கடல், வடக்கில் வடகடல்,
நடுவே ஒரு டப்பாவைச் சுற்றி
நாங்கள் ஒன்பது பங்குதாரர்கள், மூன்று வக்கீல்கள்.

டப்பா, சோப்புக்கட்டி அளவுதான்.
செல்போன் செத்துப்போகும் ஆழத்தில்
ஒரு படகின் சொல் அடுத்த படகில் ஏறி,
அதிலிருந்து அடுத்ததில் ஏறிக் கரைக்கு வரும்.
பெனிட்டா கண்டுபிடித்தது. பணம் எங்களுடையது.
காப்புரிமை யாருடையது என்பதற்குத்தான்
பதினான்கு மாதமாய் வழக்கு.

புனே கம்பெனிக்காரன் நாற்பதாயிரம் விற்றுவிட்டான்,
வேறு பெயரில், வேறு நிறத்தில்.
டப்பாவுக்குப் பதினோரு ரூபாய் ராயல்டி தரச் சம்மதம்;
காசோலை யார் பெயருக்கு என்று மட்டும் கேட்கிறான்.

"விண்ணப்பத்தில் என் கையெழுத்து" என்கிறாள் பெனிட்டா.
"போட்ட பேனா கம்பெனியோடது" என்கிறார் சதக்கு லெப்பை.
மிளகாய் மண்டி கோட்டைராசுவுக்கு
அலைவரிசை எது, அலை எது, இரண்டும் ஒன்று.
"வெளஞ்ச வத்தலுக்கு வாரம் உண்டு.
காத்துல போற பேச்சுக்கு எந்தப் படியில அளப்பீங்க?"
கேட்டுவிட்டு, தன் பன்னிரண்டு சதவீதத்தை
இன்னொரு தரம் பெருக்கிப் பார்க்கிறார்.

எனக்கு நாலு.
ஐஸ்காரனுக்குச் சதவீதம் புதிதல்ல.
நூறு கட்டி புறப்பட்டால் துறைக்கு எண்பத்தெட்டு;
மீதிக்கு யார்மேல் வழக்குப் போடுவது, வெயில்மேலா?
ஆனாலும் இது ஆலையை அடமானம் வைத்த நாலு.
விடமாட்டேன்.

வக்கீல் வாசிக்கிறார், கோரிக்கை ஒன்று:
"நகரும் கலங்களிடையே, நிலையான கோபுரமின்றி,
செய்தியைக் கைமாற்றும் முறை."
கைமாற்றுதல் என்பதற்கு
மூன்றாவது வக்கீல் மூன்றாவது பொருளைத் தொடங்கும்போது
டப்பா கத்தியது.

கணவாய் அறுநூறு கிலோ. ஐஸ் பத்தாது. வெல என்ன.

சேசுராசாவின் படகு. ஐந்து படகு தாவி வந்திருக்கிறது,
அதில் இரண்டு
அவனோடு பேச்சுவார்த்தை அறுந்தவர்களுடையவை.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு லெப்பை, "முந்நூத்தி நாப்பதுன்னு போடு."
"நான் அறுபது" என்றார் கோட்டைராசு.
அவர் எப்போது கணவாய் வாங்கினார்!
பெனிட்டா தட்டினாள், யார் விலையை என்று காட்டாமல்.
நான் கீழே இறங்கி
முப்பது கட்டி உடைக்கச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது
கச்சான் தெற்கு ஜன்னலை அறைந்து சாத்தியிருந்தது.
தாளில் கைக்கடிகாரத்தைப் பாரம் வைத்து,
தொண்டையைச் செருமி,
"கோரிக்கை இரண்டு" என்றார் வக்கீல்.